எண்பத்தெட்டு கிலோவுக்கான போர்டு

ஜூன் 2, ஞாயிறு

கச்சான் ஏறிவிட்டது. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோதே சர்ச் வேப்பமரம் ஆடிய ஆட்டத்தில் தெரிந்தது. நிலத்திலிருந்து கடலுக்குப் போகிற இந்த மேற்குக் காற்று தூத்துக்குடியில் எல்லாருக்கும் தொல்லை. கண்ணில் மண், சோற்றில் மண், மாடியில் காயப்போட்ட வேட்டி அடுத்த தெருவில். எனக்கு மட்டும் பண்டிகை. இனி நாலு மாதம், பாய்மரம் நட்ட பலகையில் நின்று கடலில் ஓடுகிற விண்ட் சர்ஃபிங்.

சாயங்காலம் கடற்கரை ஷெட்டுக்குப் போனேன். ரெமிஜியுஸ் போர்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தான். பத்து வருடம் கப்பலில் வேலை பார்த்துவிட்டு வந்து, எங்களைப் போல ஏழெட்டு கிறுக்கர்களுக்குக் காற்றில் பாய் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறவன். சீசன் தொடங்கும்போது ஒரு முறை, முடியும்போது அடுத்த வருடத்துக்காக ஒரு முறை என்று பெயர், எடை, போர்டு மூன்றையும் நோட்டில் எழுதிவைப்பான்.

"எடை எவ்ளோ அண்ணாச்சி?"

"எண்பத்தெட்டு."

"இந்த வருசம் கட்டில விட்டு எறங்கிருவோம்."

கட்டில் என்பது பழகுகிறவர்களுக்கான இருநூற்று இருபது லிட்டர் போர்டு. லிட்டர் என்பது போர்டின் கன அளவு, கூடக் கூட நன்றாக மிதக்கும். அகலத்துக்கு அதில் பாய் விரித்துப் படுக்கலாம். நடுவில் கீழே இறக்குகிற பலகை ஒன்று இருப்பதால் காற்று எப்படி அடித்தாலும் பக்கவாட்டில் ஓடிப்போகாது. போன வருடம் முழுக்க அதில்தான் நின்றேன். ஐம்பது வயதில் அந்த அளவே பெரிசு என்று பியூலா சொல்வாள். என் மனைவி கணக்கு டீச்சர். பரீட்சைப் பேப்பரில் அரை மார்க் கூட்டிப் போட்டு ஒரு பிள்ளையைப் பாஸாக்கியதில்லை. என்னிடமும் அப்படித்தான்.

துறைமுக இன்ஜினியர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது இரண்டு போர்டுகளை ஷெட்டில் விட்டுப் போயிருக்கிறார். ஒன்று நூற்று நாற்பது லிட்டர், இன்னொன்று நூற்றுப் பதினைந்து. இரண்டிலும் நடுப்பலகை கிடையாது. ஒன்று எனக்கு, மற்றது மதுரைக்காரர் ஒருவருக்கு. மாதக் கடைசிக்குள் நான் சொல்ல வேண்டும். ரெமியின் கணக்கு எளிது. உங்கள் எடையோடு ஐம்பதைக் கூட்டுங்கள், அத்தனை லிட்டர்.

88 + 50 = 138. நூற்று நாற்பது.

ஜூன் 5, புதன்

வேலை அதிகம். உப்பளத்து லாரிகள் பதினொன்று. உப்பு ரோட்டில் எடை மேடை வைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. டிரைவர்களின் தந்திரம் எனக்கு அத்துப்படி. இன்று ஒருவன் லோடு எடைக்கு வரும்போது தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு தண்ணீர் டிரம் வைத்திருந்தான். இறக்கச் சொன்னேன். "குடிக்கத்தான் அண்ணாச்சி" என்றான். நானூறு லிட்டர் குடிப்பானாம்.

மத்தியானம் சும்மா இருக்கும்போது, மூட்டை நிறுக்கிற சின்ன மெஷினில் ஏறி நின்றேன். 79.

மெஷின் தப்பு. கச்சான் மண் உள்ளே போயிருக்கும்.

ஜூன் 6, வியாழன்

முத்திரை போட்ட இருபது கிலோ எடைக்கல் நாலை அலமாரியிலிருந்து தூக்கிவந்து மெஷினில் வைத்தேன். அது நாலையும் தூக்குவதற்குள் மூன்று தடவை உட்கார வேண்டியிருந்தது. வெயில் அப்படி.

மெஷின் 80.0 காட்டியது. ஒரு புள்ளி விலகவில்லை.

ஆக, எழுபத்தொன்பது. நல்லதுதான். போன வருடம் இந்த டாக்டர்கள்தானே பத்து கிலோ குறை, சர்க்கரை வந்துவிடும் என்றார்கள். கேட்காமலேயே குறைந்திருக்கிறது. கட்டிலில் நின்று பாய் இழுத்ததெல்லாம் வீண்போகவில்லை.

79 + 50 = 129. நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கு ஐம்பது தேவையில்லை, முப்பத்தைந்து போதும் என்று ரெமியே ஒரு தடவை சொல்லியிருக்கிறான். 79 + 35 = 114.

அப்படியென்றால் நூற்றுப் பதினைந்து. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

ரெமி நூற்று நாற்பதைத் தண்ணீரில் இறக்கித் தந்தான். போன செப்டம்பரில் இன்ஜினியர் இருந்தபோது இதே போர்டில் ஒரு தடவை ஏறிப் பார்த்திருக்கிறேன். அப்போது அது என்னை ஐந்து நிமிடத்தில் பதினோரு முறை கவிழ்த்தது.

இன்று நின்றேன். பாயைக் கயிற்றில் இழுத்துத் தூக்கும்போது மட்டும் கை நடுங்கியது. காற்று பிடித்தபின் தானாக ஓடியது. மணல் திட்டு வரை போய்த் திரும்பினேன். கரையிலிருந்து திட்டு வரை இடுப்பளவுத் தண்ணீர். திட்டுக்கு அப்பால் ஆழம், அதற்கப்பால் இலங்கைதான். கச்சான் கரையிலிருந்து வெளியே தள்ளுகிற காற்று என்பதால் திட்டைத் தாண்டக்கூடாது என்பது ரெமியின் சட்டம். திரும்பிவரத் தெரியாதவனை அது கொண்டுபோய்விடும்.

கரைக்கு வந்ததும் பாராட்டுவான் என்று நினைத்தேன். அவன் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, போன வருசம் நீங்க இதுல நின்னப்ப தண்ணி ஒங்க கணுக்கால்ல கெடந்துச்சு. இன்னைக்கு மேல் பக்கம் காஞ்சி கெடக்கு."

"மெலிஞ்சிருக்கேன்லா. எழுபத்தொம்பது."

"டயட்டா?"

"ஆமா."

நூற்றுப் பதினைந்து எனக்குச் சரிவரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "நூத்தி நாப்பதே எடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டப் போய்விட்டான். எனக்கு எரிச்சல். சொன்ன விதியை அவனே மீறினால் எப்படி?

ஜூன் 14, வெள்ளி

காற்று இல்லை. சாப்பிட்டது இட்லி ஒன்று.

ஜூன் 16, ஞாயிறு

சர்ச்சுக்கு பேன்ட் போட்டேன். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டேன், இது மூன்றாவது. பியூலா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஒரு எட்டு பாளையங்கோட்டை போயி டாக்டரப் பாத்துட்டு வந்துருவோம்."

"எதுக்கு? குண்டா இருந்தாலும் டாக்டர், மெலிஞ்சாலும் டாக்டரா?"

"நேத்து மீன் கொழம்ப ஒதுக்கி வச்சிய. கல்யாணமாயி இருபத்திரண்டு வருசத்துல நீங்க மீன ஒதுக்கி நான் பாக்கல."

கச்சான் காலத்தில் பிடிக்கிற மீனில் ருசி இல்லை என்றேன். நம்பவில்லை.

ஜூன் 19, புதன்

பியூலா வீட்டுக்கு ஒரு எடை மெஷின் வாங்கி வந்துவிட்டாள். கண்ணாடி வைத்தது, விளையாட்டுச் சாமான் மாதிரி. எடை மேடைக்காரன் வீட்டுக்கு எடை மெஷின். உப்பளத்துக்காரனுக்கு உப்பு பாக்கெட் வாங்கிவந்த கதை.

ஏறச் சொன்னாள். 80 காட்டியது. அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. பையில் மேடையின் சாவிக்கொத்து இருந்திருக்கிறது, எடுக்க மறந்துவிட்டேன். அது என்ன பெரிய எடை.

ஜூன் 21, வெள்ளி

ரெமியிடம் போர்டு பற்றி மறுபடியும் பேசினேன். கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். கண்டுபிடித்தவனே மீறுகிற விதி என்ன விதி என்று கேட்டேன். அவன் நிதானமாகச் சொன்னான்:

"சின்ன போர்டு ஓடிக்கிட்டு இருக்கும்போதுதான் அண்ணாச்சி போர்டு. காத்து செத்துப்போனா அது முங்கும். மேல நின்னு பாயத் தூக்க முடியாது. தண்ணிக்குள்ள கெடந்தபடியே, பாயக் காத்துல புடிச்சு, அது ஒங்களத் தூக்கி விடணும். அது முழுக்க கை பலம். எடைக்கணக்கு மட்டும் பாத்தா போதாது."

"எனக்குக் கை பலம் இல்லங்கியா?"

"அன்னைக்குப் பாயத் தூக்கும்போது பாத்தேன்" என்றான்.

நான் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் பியூலா கேட்கிறாள், ரெமி தம்பி நல்லாருக்காரா என்று. அவளுக்கும் ரெமிக்கும் என்ன பேச்சு? அவன் வேறு சபை, வேறு கோவில். போனில் பேசியிருக்கிறார்கள். போர்டு பற்றித்தான் இருக்கும்.

ஜூன் 23, ஞாயிறு

இதை முழுதாக எழுதிவிடுகிறேன்.

காலையில் ரெமி பூசைக்குப் போயிருப்பான் என்று தெரியும். பியூலாவிடம் தலைவலி, ஆராதனைக்கு வரவில்லை என்றேன். அவள் கிளம்பியதும் ஸ்கூட்டரில் ஷெட்டுக்குப் போனேன். சாவி இருக்குமிடம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். நூற்றுப் பதினைந்தை எடுத்தேன். ஐந்தரை சதுர மீட்டர் பாய்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பாயைக் காற்றில் நீட்டியதும் அது என்னைத் தூக்கிப் போர்டின் மேல் வைத்தது. சத்தியமாக நான் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வருடமாகப் பேச்சில் மட்டும் கேட்டதை இன்று அனுபவித்தேன். போர்டு தண்ணீரைத் தள்ளுவதை நிறுத்திவிட்டு, எழும்பி, அதன் மேல் வழுக்க ஆரம்பித்தது. காலுக்கடியில் படபடவென்று ஒரே சத்தம். எடையே இல்லாத மாதிரி இருந்தது. நான் சிரித்தேன், தனியாக, வாய்விட்டு. இந்த வருடத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

திட்டைத் தாண்டியதை நான் பார்க்கவில்லை.

திருப்பும்போது விழுந்தேன். காற்று ஒரு நிமிடம் ஓய்ந்தது. போர்டின் மேல் ஏறி நின்றால் முழங்கால் வரை அமிழ்ந்தது. ரெமி சொன்ன மாதிரி தண்ணீரில் கிடந்தபடி பாயைத் தூக்கினேன். ஒரு கை உயரம் தூக்குவேன், விழும். மறுபடியும் தூக்குவேன், விழும். காற்று திரும்ப அடித்தபோது கையில் ஒன்றுமே மிச்சமில்லை. இருபது கிலோக் கல்லை ஒற்றைக் கையில் தூக்கி மேடையில் வைத்துக்கொண்டிருந்த கை இது. போர்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். துறைமுகத்துக் கிரேன்கள் சின்னதாகிக்கொண்டே போயின. பயந்தேன். ஜெபம் சொல்ல ஆரம்பித்து, நடுவில் வரி மறந்துபோனது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. படகுச் சத்தம் கேட்டது. ரெமியின் ஃபைபர் படகு. முன்பக்கத்தில் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சர்ச்சுக்குக் கட்டிய வெள்ளைப் புடவை முழுக்க நனைந்து, பியூலா. கடற்கரையில் கால் நனைக்கக்கூடப் பயப்படுகிறவள். ஆராதனையிலிருந்து பாதியில் எழுந்து வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு ரெமிக்குப் போன் போட்டிருக்கிறாள்.

ரெமி குனிந்து என் கையைப் பிடித்தான். இன்னொரு கை இன்ஜின் மேல் இருந்தது. ஒற்றைக் கையால் தூக்கிப் படகுக்குள் போட்டான். போன வருடம் ஒரு தடவை என்னை ஏற்ற ரெமியும் இன்ஜினியரும் சேர்ந்து மூச்சு வாங்கினார்கள்.

அவன் தன் கையையே ஒரு கணம் பார்த்தான். பிறகு பியூலாவைப் பார்த்தான். இருபத்தாறு வருடமாக ஊரையெல்லாம் நிறுத்துக் கொடுத்த என்னை இன்று ஒருத்தன் கையிலேயே நிறுத்துவிட்டான்.

"நாளைக்கே கூட்டிட்டுப் போங்க அக்கா" என்றான்.

பியூலா அழவில்லை. என் தலையைத் தன் புடவையால் துடைத்தாள், அதுவும் நனைந்துதான் இருந்தது.

ஜூன் 24, திங்கள்

பாளையங்கோட்டை. பெரிய ஆஸ்பத்திரி. பேன்ட் சட்டையைக் கழற்றி, பின்னால் முடிச்சுப் போடுகிற பச்சை அங்கியை மாட்டவைத்தார்கள். அதில் பை கிடையாது.

நர்ஸ் எடை பார்த்தார். 73.

பியூலா திரும்பி என்னைப் பார்த்தாள். ஐந்து நாளைக்கு முன் எண்பது. கணக்கு டீச்சர். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஜூன் 28, வெள்ளி

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மதுரைக்காரர் போர்டுக்காகப் போன் மேல் போன் போடுகிறாராம். ரெமி எனக்குப் போன் செய்து போர்டு பற்றிப் பேசவேயில்லை. நான்தான் கேட்டேன். "அவரு காத்திருக்கட்டும் அண்ணாச்சி" என்றான்.

ஜூலை 4, வியாழன்

வயிற்றில் கேன்சர். ஈரலிலும் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஆபரேஷன் இப்போது இல்லை, முதலில் மருந்து, பிறகு பார்ப்போம் என்றார் டாக்டர். நல்ல மனுஷன். மேஜையில் இருந்த பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே பேசினார்.

இந்த நோட்டைப் பின்னால் புரட்டிப் பார்த்தேன். மார்ச் மாதம் முழுக்க காற்று, பாய் தைத்தது, லாரி. ஒரு பக்கத்தில்கூட உள்ளதை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். மார்ச்சிலிருந்தே மலம் கருப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வாய் தின்றால் நெஞ்சில் நின்றுவிடும். ஏப்ரலில் மூட்டை மெஷினில் ஏறிப் பார்த்தேன், 84. மே மாதம் 81. ஜூன் இரண்டாம் தேதி ரெமியிடம் எண்பத்தெட்டு என்று சொன்னபோது எனக்குத் தெரியும்.

பத்தொன்பதாம் தேதி என் பையில் இருந்தது சாவிக்கொத்து இல்லை. இரண்டு கிலோ எடைக்கல் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. அரசாங்க முத்திரை போட்டது. தண்ணீர் டிரம் வைத்த டிரைவரை எப்படித் திட்டினேன்.

எனக்குப் பயமாக இருந்தது. சாவதற்கு இல்லை, போய்ப் பார்த்தால் உறுதியாகிவிடுமே என்பதற்கு. போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதைப் பார்க்க வேண்டாம். மார்ச்சிலேயே வந்திருந்தால் என்று டாக்டர் வாக்கியத்தைத் தொடங்கி, முடிக்காமல் விட்டார். நான் முடித்துக்கொண்டேன்.

ஜூலை 5, வெள்ளி

பியூலாவிடம் எடைக்கல் விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "அன்னைக்கே பேன்ட்டத் தொவைக்கப் போடும்போது பையில துருக் கற இருந்துச்சு."

"பொறவு ஏன் கேக்கல?"

"எண்பதுன்னே இருந்துட்டுப் போவட்டும்னு நெனச்சேன். ஒரு நாளைக்காவது."

இருவரும் அழுதோம். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது.

ஜூலை 15, திங்கள்

முதல் கீமோ. உயரமும் எடையும் கேட்டு நர்ஸ் கால்குலேட்டரில் தட்டினார். "எடைக்குத் தக்கனதான் சார் மருந்து, கூடவும் கூடாது கொறையவும் கூடாது" என்றார். போர்டும் அப்படித்தான் என்றேன். அவருக்குப் புரியவில்லை, சிரித்துவைத்தார்.

71. உள்ள எடையைச் சொன்னேன்.

ஜூலை 19, வெள்ளி

வாந்தி. கச்சான் ஜன்னலைப் போட்டு அடிக்கிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இரண்டாவது முடிந்தது. 69. மேடையைப் பியூலாவின் தம்பி பார்த்துக்கொள்கிறான். டிரைவர்கள் அவனை ஏமாற்றுவார்கள். ஏமாற்றட்டும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ரெமி வேனில் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். நாற்காலி போட்டு உட்காரவைத்தான். மதுரைக்காரர் நூற்றுப் பதினைந்தில் போய்க்கொண்டிருந்தார். நன்றாக ஓட்டுகிறார். பொறாமையாகத்தான் இருந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது.

நூற்று நாற்பது ஷெட்டில் இருந்தது. ஒரு துணி போட்டு மூடியிருந்தான். பாய்மரம், கைபிடிக்கிற பூம், பாய் எல்லாம் பக்கத்தில். மொத்தம் எத்தனை கிலோ என்று கேட்டேன்.

"எல்லாம் சேத்து ஒரு பதினெட்டு, பத்தொம்பது வரும் அண்ணாச்சி."

88 கழித்தல் 69. ஆக நான் தொலைத்தது இத்தனை. தரையில் பரப்பி வைத்துப் பார்க்கும்போது ரொம்பத்தான் இருந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

நாலாவது முடிந்து ஸ்கேன். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, என்னை வெளியே உட்காரச் சொல்லிப் பியூலாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இருபது நிமிடம். வெளியே வந்தவள், "மருந்த மாத்துதாங்களாம்" என்றாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்தாள். வரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பிடிக்கும் என்று முந்திரி மக்ரூன் வாங்கினாள். நான் ஒன்று தின்றேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

கச்சான் நின்றுவிட்டது. காலையிலிருந்து ஒரு இலை ஆடவில்லை.

சாயங்காலம் ரெமி வீட்டுக்கு வந்தான். கக்கத்தில் அந்த நோட்டு. நான் கட்டிலில் சாய்ந்திருந்தேன், பியூலா கால்மாட்டில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அடுத்த வருசத்துக்கு எழுதிருவோமா அண்ணாச்சி?"

அவனே என் பெயரை எழுதினான். ஞானதுரை. நிதானமாக, பிள்ளைகள் கையெழுத்துப் பழகுவது மாதிரி. பிறகு அடுத்த கட்டத்துக்கு வந்தான். பேனா அங்கேயே நின்றது. எடை என்று வாய் திறந்து கேட்க அவனால் முடியவில்லை.

காலையில் கண்ணாடி மெஷினில் ஏறினேன். 64. பியூலாதான் பிடித்துக்கொண்டாள். அவளும் பார்த்தாள்.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். ரெமியின் விதிப்படி நூற்றுப் பதினான்கு வருகிறது. அன்று நான் ஆசைப்பட்ட அதே போர்டு.

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் பியூலா சொன்னாள்:

"எண்பத்தெட்டுன்னு போடுங்க தம்பி. நூத்தி நாப்பது."

ரெமி என்னைப் பார்த்தான். நான் திருத்தவில்லை. அவன் எழுதினான்.